ஆறாத புண்ணும் கூட்டுச் சேரும் கிருமிகளும்: கேள்வி பதில்

நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நம் உறுப்பினர் அக்கா, ஆறாத புண்களைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தந்த பதில்கள்.

வெல்லாவெளி: அக்கா, அப்பாவுக்குச் சீனி வருத்தம். வயலில பட்ட கால் புண் ஆறுதில்ல. ரிப்போட்டில ஸ்டபிலோகொக்கஸ், சூடோமோனாஸ் எண்டு ரெண்டு கிருமி போட்டிரிக்கு. ரெண்டுக்கும் ரெண்டு மருந்து குடுத்தாச் சரிதானே?

தம்பி, அவ்வளவு லேசில்லை. ஒரே புண்ணில் இருந்தால் ஒன்றின் குணத்தை மற்றது மாற்றிவிடும். சூடோமோனாஸ் சுரக்கும் ஒரு பொருள், ஸ்டபிலோகொக்கஸின் சுவாசத்தை முடக்குகிறது. பல சாகும். சில மட்டும் சுவாசமில்லாமல் மெல்ல வளரப் பழகிக்கொள்ளும். ஜென்டாமைசின் வகை மருந்துகள் கிருமிக்குள் போவதற்கே அந்தச் சுவாசம் வேண்டும். எனவே பகையாளி செய்த வேலையே ஸ்டபிலோகொக்கஸை மருந்திலிருந்து காப்பாற்றுகிறது! 2006இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அப்படி மாறியவை, ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் இரத்த அகார் தட்டில் குண்டூசி முனையளவுதான் தெரியும். முதல் நாளோடு தட்டை எறிந்தால் கண்ணில் படாமலே போய்விடும்.

மறுபக்கமும் உண்டு. ஸ்டபிலோகொக்கஸின் செல்சுவர்த் துண்டுகளை உணர்ந்தால் சூடோமோனாஸ் இன்னும் கூடுதலாக நஞ்சு சுரக்கும்.

கல்முனை: கட்டுத்துணியில பச்சை படுதே?

சூடோமோனாஸின் சாயமாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் துணியையும் காட்டுங்கள்.

காத்தான்குடி: சில புண் ஏன் அப்படி நாறுது?

மேலேயுள்ள கிருமிகள் ஒட்சிசனைத் தின்று தீர்க்க, ஒட்சிசன் ஆகாத கிருமிகளுக்கு அடியில் வாழ்வு கிடைக்கும். நாற்றம் பெரும்பாலும் அவற்றுடையது. அவற்றை வளர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும். சாதாரண ரிப்போட்டில் வராததால் இல்லை என்றாகாது.

அக்கரைப்பற்று: அமொக்சிசிலினுக்குக் கேட்கும் கிருமிதான் எண்டாங்க, ஆனாக் குறையல்லியே?

பக்கத்தில் பீட்டா லக்டமேஸ் சுரக்கும் வேறொரு கிருமி இருந்தால், அந்த நொதி மருந்தை வெளியிலேயே உடைத்துவிடும். மருந்துக்குக் கேட்கும், அதாவது அதால் சாகக்கூடிய, கிருமியும் அதன் நிழலில் தப்பும். ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றையும் பிரித்துத்தான் சோதிக்கிறோம். புண்ணிலோ எல்லாம் ஒன்றாக இருக்கின்றன.

உயர்தர மாணவி, மட்டக்களப்பு: மிஸ், கிருமிகள் எப்படிப் பேசிக்கொள்ளுது?

மூலக்கூறுகளால், மகள். கூட்டம் பெருகியதை அந்த மூலக்கூறுகளின் செறிவால் அறிந்து நடத்தையை மாற்றும். கடலில் ஒளிரும் கிருமிகளில் 1970இல் இதை விளக்கினார்கள். பிறகு அமெரிக்க விஞ்ஞானி பொன்னி பாஸ்லரின் குழு, ஏஐ-2 என்ற மூலக்கூறைப் பல இனங்கள் பொதுவாகப் பாவிப்பதைக் காட்டியது.

வெல்லாவெளி: அப்ப அப்பாவுக்கு என்ன செய்ய, அக்கா?

குளிசையை மட்டும் நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். செத்த சதையை வைத்தியசாலையில் வெட்டிச் சுத்தம் செய்தால்தான் கிருமிகளின் கூடு கலையும். சுவாப்பை (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரியை) சீழைத் துடைத்தபின் புண்ணின் அடியிலிருந்து, முடிந்தால் புது மருந்து தொடங்குமுன் எடுக்கச் சொல்லுங்கள். சீனியையும் பார்க்க வேண்டும். காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள். வயலில் வேலை செய்கிறவர் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோயையும் சேர்த்துத் தேடுவார்கள்.