பையன் ஆட்டோமொபைல்தான் படிப்பேன் என்கிறான், விடலாமா?

அம்மா, செய்தியைத் திறந்தாலே கார் கம்பெனிகளில் ஆட்குறைப்பு, இந்த நேரம் பார்த்துப் பையன் ஆட்டோமொபைல்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானதுதான். ஜெர்மனியில் 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. நிசான் 20,000 வேலைகளைக் குறைத்து, 17 ஆலைகளைப் பத்தாக்கப் போவதாக 2025-இல் அறிவித்தது.

எத்தனை வேலை போகிறது என்பதோடு, எந்த வேலை போகிறது என்றும் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துப் போட்டால் பிஸ்டன், ரிங், வால்வு, கேம்ஷாஃப்ட், இன்ஜெக்டர் என்று மேஜை நிறைந்துவிடும். மின்சாரக் காரின் மோட்டாரில் சுழல்வது ரோட்டர் என்ற ஒரு பாகம் மட்டும்தான். அந்த மேஜை நிறையக் கிடக்கும் பாகங்களை வார்த்து, கடைந்து, பூட்டுகிறவர்களுக்கு வேலை சுருங்குகிறது.

சரி, அப்படியானால் கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலைதான் பத்திரம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஆடி (Audi) கார் கம்பெனி 2029-க்குள் குறைப்பதாகச் சொன்ன 7,500 வேலைகள் உற்பத்திப் பிரிவில் இல்லை. நிர்வாகம், மேம்பாடு போன்ற பிரிவுகளில்தான் அந்த வெட்டு.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஃபோக்ஸ்வாகன் ஆட்களை வலுக்கட்டாயமாக அனுப்பவில்லை. முன்கூட்டிய ஓய்வு, விருப்ப விலகல் என்று மெல்லக் குறைக்கிறது. அதே ஒப்பந்தத்தில் பயிற்சியாளர் இடங்கள் ஆண்டுக்கு 1,400-லிருந்து 600 ஆகின்றன. உள்ளே இருப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது, வாசலில் நிற்கும் இளைஞருக்குத்தான் வழி குறுகுகிறது. உங்கள் மகனுக்கு முதல் வேலை கிடைப்பதுதான் கடினமாக இருக்கும். அதற்குத் தயாராகும் படிப்பாகப் பார்க்க வேண்டும்.

பட்டத்தின் பெயரிலேயே கார் இருக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் எடுத்துக்கொண்டு, வாகனத்தை விருப்பப் பாடமாக வைத்துக்கொள்ளட்டும். இன்ஜினைக் குளிர்விக்கப் படிக்கும் அதே வெப்பப் பரிமாற்றம்தான் பேட்டரியைக் குளிர்விக்கவும் வேண்டும். கார் துறை மந்தமானாலும் ரயில், காற்றாலை, பம்பு என்று போக இடம் இருக்கும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது லேபுக்குள் நுழைந்து, மாணவர்கள் பேட்டரி பேக்கைக் கையால் பிரித்துப் பார்க்கிறார்களா, உயர் மின்னழுத்தப் பாதுகாப்பு சொல்லித்தருகிறார்களா என்று கேளுங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அப்புறம், அவனிடம் நிதானமாக ஒன்று கேளுங்கள்: காரில் அவனுக்குப் பிடித்தது ஓட்டுவதா, அழகா, உள்ளே அது இயங்கும் விதமா? அவன் சொல்வதை அப்படியே எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அதை வைத்துத்தான் போட வேண்டும்.