ஈராசிரியர் பள்ளியில் முதல் ஆண்டு: கேள்வி பதில்

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து ஓராண்டு நிறையாத சிலர் கேட்டவை இவை. 31 ஆண்டுகள் ஈராசிரியர் பள்ளிகளிலேயே பணியாற்றி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்ற ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் பள்ளியில் 41 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை 26 பேர் என் அறையில் இருக்கிறார்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற இரண்டும் கலைந்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஆகவே மூன்றாமவர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். அதே சட்டம் ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி. அதை மூன்று வகுப்புக்கும் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு 80 நிமிடம் கிடைக்கும். மீதி 160 நிமிடமும் அந்தப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆறு வயதில் யாரால் முடியும்? கலையத்தான் செய்வார்கள்.

வகுப்பு வாரியாகப் பிரிப்பதை விட்டு, கற்றல் நிலை வாரியாகப் பிரியுங்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் என்னும் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைப் பிரிவுகள் இதற்காகவே வந்தவை. அதற்கு முன்பிருந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளும் இதே நோக்கத்துக்கு உதவும். (திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் பழைய அட்டைகளைப் பரணில் ஏற்றிவிடுவது நம் வழக்கம். ஏறிப் பாருங்கள்.)

நிலையைக் கண்டறிவதில் அவசரப்படாதீர்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் பாடத்தைக் கணீரென்று வாசிப்பான். ஒரு நாள் அருகில் போய் உட்கார்ந்தபோதுதான், விரல் நாலாவது வரியில் நிற்க, வாய் ஆறாவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டேன். முழுப் பாடமும் மனப்பாடம். சிலேட்டில் ‘பலகை’ என்று எழுதிக் காட்டினேன். ‘ப’ மட்டும் தெரிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு அவனை உட்காரச் சொன்னால் கூசிப்போவான் என்பதால், அவர்களுக்குச் சிலேட்டு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கொடுத்து அந்தக் குழுவிலேயே இருத்தினேன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தான்.

நடைமுறையில் ஒரு குழு உங்களோடும், ஒரு குழு சுவரோரத் தாழ்பலகையிலும், ஒரு குழு புளியங்கொட்டையும் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சியும் வைத்துக்கொண்டு கணக்கிலும் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் சந்தைக்கடை போலத்தான் இருக்கும்.

கேள்வி: கரும்பலகை வெளுத்துப்போய் எழுத்தே தெரிவதில்லை. என் சம்பளத்திலிருந்து செலவு செய்யலாமா?

பதில்: பலகைக்குச் செலவே வேண்டாம். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்து, துணியில் தோய்த்துத் தேய்த்து, ஓர் இரவு உலர விடுங்கள். சில வாரம் தாங்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியும், கேட்டால் இலையை அவர்களே பறித்து வருவார்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, பென்சில், பசை போன்ற சில்லறைச் செலவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் உடைந்த சன்னலைச் சொந்தப் பணத்தில் மாற்றினேன். மறு ஆண்டு கூரை ஒழுகியபோது எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம் என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வரையறை. அது எதற்குச் செலவாகிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பணிவாகக் கேளுங்கள். அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அவர்கள் முன்னிலையில் தேவையைத் தீர்மானமாக எழுதி வைத்தால், அடுத்து வரும் அலுவலரிடம் காட்டுவதற்குக் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

கேள்வி: தை மாதத்துக்குப் பின் ஆறு பிள்ளைகள் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். பள்ளியில் அவர்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடச் சொல்கிறார்கள்.

பதில்: நீக்குவதற்கு முன் எந்த ஊர்ச் சூளை என்று விசாரித்து, அங்குள்ள பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்பது சட்டம். சூளையில் வேலை செய்யும் தாய்க்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு என்பதையும் சொல்லுங்கள், விடியலிலேயே வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி: பிரம்பில்லாமல் அடங்கமாட்டார்கள் என்று சக ஆசிரியர் சொல்கிறார்.

பதில்: உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. பிரம்பை ஓங்கிய ஆண்டுகள் எனக்கும் உண்டு. அந்தப் பிள்ளைகள் என்னிடம் சந்தேகமே கேட்டதில்லை.

கேள்வி: பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் பதியும் எமிஸ் பதிவேற்றத்திலேயே பாதி நாள் போய்விடுகிறது.

பதில்: வருகைப் பதிவு காலையிலேயே முடிய வேண்டும், அதில் வழியில்லை. மற்றவற்றை மாலை மணியடித்த பின் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கைப்பேசி அலமாரிக்குள் இருக்கட்டும்.

கேள்வி: தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில் விழுகின்றன. பயமாக இருக்கிறது.

பதில்: அன்று புதுப் பாடம் எதையும் தொடங்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர், சிறியவர் மூவர் என்று குழுக்களாக்கி, நூலும் அளவுகோலும் கொடுத்துப் பள்ளி வளாகத்தை அளக்கச் சொல்லுங்கள்: மரத்தின் சுற்றளவு, வராந்தாவின் நீளம், சத்துணவுக் கூடத்தின் படிகள். சிறியவர்கள் எண்ணட்டும், பெரியவர்கள் எழுதட்டும். மதியத்துக்குப் பின் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு கதை சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போகிறவர்களை இருவர் இருவராக அனுப்புங்கள். சத்துணவு அமைப்பாளரிடம் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். யாருக்காவது அடிபட்டால் ஓடிவர இன்னொரு பெரியவர் வேண்டும்.