ஜனவரியில் அழுகிறோம், ஏப்ரலில் முகம் திருப்புகிறோம்

கேள்வி: எங்கள் சபையில் வருடா வருடம் ஜனவரியில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடக்கும். மனம் உடைந்து அழுவோம், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். ஏப்ரலில் கமிட்டித் தேர்தல் வந்துவிட்டால் அதே ஆட்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் கணவரும் அப்படித்தான், நானும்தான். நிலைத்து நிற்கிற மாற்றம் என்று ஒன்று உண்டா?
- ஒரு வாசகி, லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: உண்டு சகோதரி. ‘நானும்தான்’ என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் நீங்கள் அழுதது நடிப்பில்லை, அன்றைக்கு மனம் உண்மையாகவே உடைகிறது. நாலாம் நாளிலிருந்து அந்த மனதை யார் விசாரிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. ஊரில் கோயிலைச் சுற்றித்தான் வீடுகள், ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டவரைத் திங்கள் காலையில் குழாயடியில் பார்த்தே ஆக வேண்டும். இங்கே ஒருவர் ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறார், இன்னொருவர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து, ஆராதனை முடிந்ததும் டிராஃபிக்குக்குப் பயந்து ஆளுக்கொரு பக்கம் வண்டியைக் கிளப்பிவிடுகிறோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதுவும் முன் பெஞ்சுக்காரர் முதுகைப் பார்த்தபடி!

1742-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கு ஜெபவீடு கட்டிய கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடலாம் என்று பேச்சு வந்தபோது, ஏழைகளுக்கு முடியாதே என்றார்கள். அப்போது ஒருவர் எழுந்து, ‘ரொம்ப ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன்’ என்றார். இப்படி வசூலுக்காக வீடு வீடாகப் போனவர்கள், ஒரு வீட்டில் புருஷன் மனைவி சண்டையையும் இன்னொரு வீட்டில் குடியையும் பார்த்துவிட்டு வந்து சொல்ல, இத்தனை நாள் தேடியது இதுதான் என்று வெஸ்லிக்குப் புரிந்தது. பன்னிரண்டு பேர் போல வாரா வாரம் கூடி, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று நேருக்கு நேர் கேட்கிற வழக்கம் அந்தக் கடன் வசூலில் பிறந்ததுதான். மெதடிஸ்டுகள் நிலைத்து நின்றதற்குப் பிரசங்கத்தைவிட இதையே நான் பெரிய காரணமாக நினைக்கிறேன்.

நானே பார்த்த ஒன்றையும் சொல்கிறேன், சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஃப்ரேசர் டவுனில் ஒரு வீட்டில் புதன்கிழமை இரவு ஏழு பேர் கூடுவோம். ஒரு வருடம் பாடினோம், ஜெபித்தோம், டீ குடித்தோம், கலைந்தோம். ஒருநாள் ஒரு பெரியவர், ‘ஊர் வீட்டுப் பங்கு விஷயத்தில் தம்பியோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை’ என்றார். யாரும் வசனம் சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்களில் ஒரு இளைஞன் மட்டும், ‘அண்ணே, போன் பண்ணீங்களா?’ என்று கேட்டான். இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஏழாவது வாரம் அவரே போனை டீப்பாய் மேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கூப்பிட்டார். அந்தப் பக்கம் எடுத்தார்கள், கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அப்புறம் இவர், ‘சாப்பிட்டியா?’ என்றார். பங்குக் கணக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை, ஆனால் போன கிறிஸ்துமஸை அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் கொண்டாடினார்கள்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் ஆண்டவர் சொல்கிறார் அல்லவா? நீங்கள் யாரிடம் போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஏப்ரல் வரை வைத்திருக்காதீர்கள். கணவர் வந்தால் சரி, வராவிட்டால் நீங்கள் மட்டும் போங்கள்.

பிறகு உங்கள் தெருப் பக்கம் உள்ள ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தனிச் சபை தொடங்குகிறார்கள் என்று பேச்சு கிளம்பும். அங்கே சொன்னது வெளியே போகவே கூடாது, ஜெபக் குறிப்பு என்ற பெயரில்கூட. நம் சபைகளில் பாதிப் புறணி அந்த வழியாகத்தான் போகிறது. தேர்தலில் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற வீட்டிலிருந்தும் ஒருவரைக் கூப்பிடுங்கள், முதல் வாரமே.