எலும்பு முறிவுக்குத் தேய்மானக் குறியீடு: காப்பீடு மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

கேள்வி: நீடாமங்கலத்தில் வசிக்கும் என் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பாலிசி எடுத்து 14 மாதங்களே ஆகின்றன. மூட்டு மாற்றுக்கான 24 மாதக் காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. பில்லில் செயற்கை மூட்டுக்கு ஒரே வரியில் பெருந்தொகை போட்டிருக்கிறார்கள். உரிய ஆவணங்களின் நகல்களை இணைத்துள்ளேன்.

பதில்: இந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய பாலிசி நகலில், காத்திருப்புக் கால விதியை அடுத்தே 'விபத்தால் நேர்ந்தது நீங்கலாக' என்ற விலக்கு இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் நேர்ந்துள்ளது. கிளெய்ம் படிவத்தில் மருத்துவமனை நிரப்ப வேண்டிய பகுதியில், நோய்க் குறியீடாக 'எம் 16' என்று எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அது இடுப்பு மூட்டுத் தேய்மானத்தைக் குறிக்கும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவுக்கு உரியது 'எஸ் 72.0'; வழுக்கி விழுந்ததைக் காட்ட 'டபிள்யூ 01' என்ற குறியீட்டையும் சேர்க்கலாம். அறுவை சிகிச்சை ஒன்றேயானாலும், அதற்கான காரணம் தேய்மானமா முறிவா என்பதை வைத்தே உங்கள் உரிமை முடிவாகிறது.

பில்லிங் கவுன்டரில் வாதாடுவதில் பயனில்லை. சிகிச்சை அளித்த எலும்பு மருத்துவரைச் சந்தித்து, குறியீடு தவறாக எழுதப்பட்டதென்றும் சரியானது இன்னதென்றும் கையொப்பம், முத்திரையுடன் கடிதம் பெறுங்கள். பழைய தாளில் அடித்துத் திருத்தித் தர முன்வந்தால் வாங்காதீர்கள். அது சந்தேகத்தையே வளர்க்கும். கீழே விழுந்ததைக் குறிப்பிடும் அவசரப் பிரிவுச் சீட்டு, அன்றே எடுத்த எக்ஸ்ரே அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் இணையுங்கள். தாயாருக்குத் தேய்மானமும் இருந்திருந்தால் அதை மறைக்க வேண்டாம்; முதன்மைக் காரணம் முறிவுதான் என்று மருத்துவர் எழுதினால் போதும்.

செயற்கை மூட்டைப் பொறுத்தவரை, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விதித்த விலை உச்சவரம்பு முழங்கால் மூட்டுகளுக்கானது. இடுப்பு மூட்டு அதில் அடங்காது. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையதாகிறது. மூட்டின் ஒவ்வொரு பாகமும் வரும் பெட்டியில் நிறுவனப் பெயர், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கொண்ட ஸ்டிக்கர் இருக்கும். அவற்றை ஒட்டிய தாளின் நகலையும், பாகம் பாகமாக விலை காட்டும் இன்வாய்ஸையும் எழுத்து மூலம் கேளுங்கள். பந்துப் பகுதியை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்று செய்துவிட்டு, குழிப்பகுதிக்கும் சேர்த்து முழு மாற்றுக்கான கட்டணம் போட்டிருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.

இவற்றுடன் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மறுபரிசீலனை மனு அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. காரைக்கால் வாசகர்களுக்கும் அதே அலுவலகம்தான்.