17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாட்டுப்புற மெட்டுகளைத் தொகுத்து விற்ற ஜான் பிளேஃபோர்டு வெறும் புத்தக வியாபாரிதானே, அவரை ஏன் இசை வரலாற்றில் இவ்வளவு தூக்கி வைக்கிறார்கள்?

வியாபாரிதான், இல்லை என்று யார் சொன்னது? அதில் என்ன குறைச்சல் என்றுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் இசைக் கல்லூரி மாணவராக இருப்பீர்கள், பரீட்சைக்குப் படிக்கும்போது எழுந்த கேள்வியாக இருக்கும். நான் வித்வான் இல்லை. கும்பகோணத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே பாட்டுப் புத்தகங்களுக்கு ஸ்வரம் அடித்துத் தருகிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

பிளேஃபோர்டு ஊர் ஊராகப் போய்க் கிழவர்களிடம் பாட்டுக் கேட்டு எழுதியவர் அல்ல. அது நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் 1903-ல் சாமர்செட்டில் தொடங்கிய வேலை. இவர் நார்விச்சில் பிறந்து, லண்டனில் ஒரு பதிப்பாளரிடம் தொழில் பழகி, டெம்பிள் சர்ச் வாசல் மண்டபத்தில் கடை போட்டவர். மனைவி ஹன்னா இஸ்லிங்டனில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். அங்கே பாட்டும் நடனமும் பாடத்திலேயே உண்டு.

காலம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். 1642-லிருந்து நாடகக் கொட்டகைகள் மூடிக் கிடக்கின்றன. தேவாலயங்களில் ஆர்கன் சத்தம் இல்லை. 1649-ல் ராஜாவின் தலையையே வெட்டிவிட்டார்கள். அரசர் பக்கத்துப் பிரசுரங்களைப் போட்டதற்காக இவர் மீதே பிடிவாரண்ட். அந்த மனிதர் 1651-ல் 105 நடனங்களோடு 'தி இங்கிலிஷ் டான்சிங் மாஸ்டர்' என்ற புத்தகம் போடுகிறார். பக்கத்துக்கு ஒரு நடனம். மேலே வயலினுக்கு ஒற்றை வரி மெட்டு, கீழே ஆடும் முறை. அதில் ஆணுக்குப் பிறைக் குறி, பெண்ணுக்கு வட்டக் குறி. ஹார்ப்பர் என்பவர் அச்சகத்தில் ஒவ்வொரு சுரக்குறியும் தனித்தனி ஈய அச்சு. சுரம் எழுதும் ஐந்து கோட்டின் துண்டும் அதோடு ஒட்டியே இருக்கும். கோர்த்து அடித்தால் கோடு இடையிடையே விட்டுப்போயிருக்கும். இதையெல்லாம் பிழையில்லாமல் கோர்ப்பது என்ன பாடு என்று வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

என் கதைக்கு வருகிறேன். எண்பதைத் தாண்டிய பாட்டு வாத்தியார் ஒருவர், தன் குருநாதரின் வர்ணங்களைப் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார். தார ஸ்தாயியைக் (மேல் ஸ்தாயி) காட்ட ஸ்வரத்தின் தலையில் வைக்கும் புள்ளி எது, மசி தெறித்தது எது என்று பிரிக்க முடியாது. "ஐயா, இந்த இடத்தைப் பாடிக் காட்டுங்க" என்பேன். பாடுவார், நான் புள்ளி வைப்பேன். அட தாள வர்ணம் ஒன்றில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, 14 அட்சரம் (தாள எண்ணிக்கை) வராமல் இடித்தது. "ஒண்ணு குறையுதே ஐயா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா தம்பி, இங்க ஒரு கார்வை விட்டுப்போச்சு" என்றார். ஸ்வரத்தை நீட்ட வேண்டிய இடம் அது. அவர் குருநாதர் காலத்திலிருந்து அந்த நோட்டில் அப்படியேதான் இருந்திருக்கிறது!

வெளியீட்டு விழாவில் மைக்செட்காரர் வரைக்கும் நன்றி சொன்னார்கள். எங்கள் பெயர் வரவில்லை. சரி, போகட்டும். ஆறே மாதத்தில் அந்தப் புத்தகம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. யாரோ வேறு எழுத்துருவுக்கு மாற்றி, முகப்பைக் கிழித்துப் போட்ட பிடிஎஃப். மாற்றியதில் மேல்புள்ளி அத்தனையும் காணாமல் போய், தார ஷட்ஜமெல்லாம் மத்திய ஸ்தாயிக்கு இறங்கிவிட்டது. அதை வைத்துக் கற்றுக்கொண்ட பிள்ளையின் அம்மா எனக்கே போன் போட்டு, "என்ன சார் இப்படித் தப்புத்தப்பா அடிச்சிருக்கீங்க" என்று கேட்டார்.

பிளேஃபோர்டின் முன்னுரையிலும் இதே வயிற்றெரிச்சல்தான். இந்தக் காலத்துக்கும் நடனத்துக்கும் ஒத்துவராது என்று தெரியும். ஆனால் பிழை மலிந்த திருட்டுப் பிரதி ஒன்று அச்சுக்குப் போயிருந்ததால் நானே வெளியிட வேண்டியதாயிற்று என்கிறார். சரக்கு விற்பதற்காகச் சொன்னது என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும், விற்றதே. மகன் ஹென்றி, அவருக்குப் பிறகு வந்தவர்கள் என்று கைமாறி, 1728 வரை பதிப்பு மேல் பதிப்பாக வந்தது. பிளேஃபோர்டு இறந்தபோது, அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் இரங்கற்பாடலுக்கு இசையமைத்தார். வெறும் கடைக்காரருக்கு அதைச் செய்வார்களா?

உடனே 'கர்நாடக சங்கீதத்தையும் குத்தாட்ட மெட்டையும் ஒரே தட்டில் வைக்கிறான்' என்று கமென்ட் போட வேண்டாம். நான் பேசுவது அச்சு வேலையைப் பற்றி. மெட்டுக்காரர்களுக்கு பிளேஃபோர்டு பணம் கொடுத்தாரா என்று கேட்பவர்களுக்கு: அந்த நாட்டில் எழுதியவருக்கு உரிமை தரும் சட்டமே 1710-ல்தான் வந்தது. இங்கே சட்டம் இருந்தும் என்ன கிழிந்தது? "சின்னக் கரெக்‌ஷன்தானே" என்று ஏழாவது புரூஃபையும் சும்மா வாங்கிக்கொண்டு போகிறவர்கள், பேனர்காரனுக்கு மட்டும் பேரம் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

வயலின் வாசிப்பவராக இருந்தால், 1651 பதிப்பின் ஸ்கேன் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, வாசித்துப் பாருங்கள். 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பிரபல ஆங்கில மெட்டை மட்டும் அதில் தேடாதீர்கள், அது 1686 பதிப்பில்தான் சேர்ந்தது.