வாசகர் கேள்விகள்: கடைமடையில் டீசலுக்கு மாற்று

திருத்துறைப்பூண்டி வாசகர்: மூன்று ஏக்கரில் குறுவை வைக்கிறேன். போர் தண்ணீர் உப்பு. வாய்க்காலில் இருந்து 5 ஹெச்.பி. டீசல் இன்ஜின் வைத்து இறைக்கிறேன், செலவு தாங்கவில்லை. சோலாருக்கு மாறினால் அதே 5 ஹெச்.பி. போட வேண்டுமா?

வேண்டாம். குதிரைத்திறனை முடிவு செய்யும் முன் உயரத்தை அளந்துவிடுங்கள். வாய்க்கால் நீர்மட்டத்தில் இருந்து குழாய் வாய் வரை செங்குத்தாக எவ்வளவு? கடைமடையில் பெரும்பாலும் இரண்டு, மூன்று மீட்டர்தான். பல வயல்களில் குழாய் வரப்புக்கு மேலே மூன்றடி உயரத்தில் நின்று கொட்டிக்கொண்டிருக்கும். மூன்று மீட்டர் இறைப்பில் அந்த மூன்றடியால் மட்டும் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் கூடுதலாகப் போகிறது. குழாய் வாயை வயல் மட்டத்துக்கு இறக்குங்கள். இன்ஜின் ஓடும்போதே அந்தச் சேமிப்பு தெரியும்.

ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். நாளுக்கு ஒரு ஏக்கர் என்று முறை வைத்தால், உங்கள் உயரத்துக்கு 2 அல்லது 3 ஹெச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) போதும். 3 ஹெச்.பி.க்கு 3,000 வாட் பேனல் கணக்கு. குறைந்த உயரத்துக்கென்று செய்த பம்பாகக் கேட்டு வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கான பம்பை இங்கே மாட்டினால் தண்ணீர் எதிர்பார்த்த அளவு வராது.

பழுது பெரும்பாலும் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் தொடங்கும். டீசல் இன்ஜினைக் கிளப்பும் முன் நீங்களே தண்ணீர் ஊற்றிப் பார்ப்பீர்கள். சோலார் பம்ப் வெயில் ஏறியதும் தானே கிளம்பும். இரவில் வால்வு கசிந்து உறிஞ்சு குழாய் காலியாகியிருந்தால் பம்ப் வெறுமனே சுற்றும், சீல் கருகும். கன்ட்ரோலரில், தண்ணீர் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் 'டிரை ரன்' பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று பொருத்த வருபவரை உங்கள் கண் முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேனல் தெற்கு பார்க்கட்டும், சாய்வு 10 முதல் 15 டிகிரி. தென்னை மரத்தை மறக்காதீர்கள். பேனல்கள் வரிசையாக ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால், ஒரு மட்டையின் நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் குறையும். காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று குச்சி நட்டுக் குறித்துக்கொண்ட பிறகு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய பகுதி உங்களுடையது. தூண்களுக்குக் கான்கிரீட் அடித்தளமும், உப்புக் காற்று அரிக்காத கால்வனைஸ் இரும்பும் கட்டாயம்.

இன்ஜினை உடனே விற்றுவிடாதீர்கள். சேறடிக்க ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர் வரை போகும், சோலாரில் அதை நாற்றங்கால் முதலாகப் பகுதி பகுதியாகத்தான் செய்ய முடியும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை தலைகீழ்: வயலில் தேங்கிய மழைநீரை வெளியேற்ற வேண்டும், வானமோ மூட்டம். அந்தச் சில நாட்களுக்கு டீசல் இருக்கட்டும். மற்ற நாட்களில் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் சுமார் 2.7 கிலோ கரியமில வாயுவைக் குறைக்கிறது. சோலார் பம்புக்கான மத்திய அரசின் பி.எம். குசும் திட்ட மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

மன்னார்குடி வாசகர்: நம் மண்ணுக்கடியிலேயே எரிவாயு இருக்கும்போது மாற்று எதற்கு?

எடுத்தால் ஒரு முறைதான், எரித்தால் தீர்ந்துபோகும். இடையில் நிலத்தடி நீரும் விளைநிலமும் கெட்டால் திரும்ப வராது. அந்த அச்சத்தில்தான் டெல்டா மக்கள் மீத்தேன் திட்டத்தை எதிர்த்தார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயு கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே இருந்தவை தொடர்கின்றன. தடை கேட்டு வென்ற நாம் அடுப்புக்கும் மோட்டாருக்கும் வேறு வழி தேடுவதுதான் நியாயம். அந்த வழி மாட்டுக் கொட்டகையிலும் இருக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

பாபநாசம் வாசகி: நான்கு மாடு உண்டு. கோபர் கேஸ் போட ஆசை. பக்கத்து வீட்டில் மழைக்காலம் வந்ததும் கேஸ் நின்றுவிட்டது. ஏன்?

முதலில் சாணத்தை எடை போடுங்கள். ஒரு மாட்டுக்கு 10 கிலோ என்பார்கள், மேயப் போகும் மாடு பாதியை வெளியே போட்டுவிடும். கொட்டகையில் கிடைப்பதை ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கேஸுக்கு நாளும் 25 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். இது 0.43 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம், ஏறக்குறைய 33 நாளில் ஒரு சிலிண்டர்.

பக்கத்து வீட்டில் நடந்ததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மழைத் தண்ணீர் கரைக்கும் தொட்டியில் விழுந்தால் கரைசல் நீர்த்து, 40 நாள் உள்ளே இருந்து புளிக்க வேண்டியது அதற்கு முன்பே வெளியேறிவிடும். தொட்டிக்கு ஒரு மூடி போட்டால் தீரும். இன்னொன்று விரிசல். ஐப்பசியில் நிலத்தடி நீர் மேலேறி கட்டுமானத்தை வெளியிலிருந்து நெருக்கும். கேஸ் கலனின் மேல்மூடிப் பகுதியில் சோப்பு நுரை தடவுங்கள், குமிழி வந்தால் அங்கேதான் கசிவு. நீங்கள் புதிதாகக் கட்டுவதானால் மாசி முதல் சித்திரைக்குள், மேடான இடத்தில் கட்டுங்கள்.

சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது. குழாயின் தாழ்வான இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்து வாரம் ஒரு முறை திறந்துவிடுங்கள். கொட்டகை கழுவிய பினாயில் தண்ணீர் மட்டும் கலனுக்குள் போகவே கூடாது, நுண்ணுயிர் செத்துவிடும்.

கும்பகோணம் வாசகர்: மாடியில் சோலார் வைத்தால் கரண்ட் போகும்போது விளக்கு எரியுமா?

பேட்டரி இல்லாத அமைப்பில் எரியாது. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமலிருக்க, மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். மத்திய அரசின் 2024 திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு மொத்தம் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் செலவழிப்பவர்களுக்கு இலவச யூனிட் போக பில்லே சிறிது. அவர்கள் முதலில் 75 வாட் மின்விசிறியை மாற்றி குறைந்த மின்சாரத்தில் ஓடும் 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி போடட்டும்.