இரண்டு நிமிட ஓட்டத்தில் மூச்சு வாங்குகிறதே, நுரையீரல் பலவீனமா?

கேள்வி: வயது 44. புகைப்பழக்கம் இல்லை. ஒரு மாதமாக ஓட்டப் பயிற்சி செய்கிறேன். இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. என் நுரையீரலுக்குக் காற்று போதவில்லையா? வாயால் மூச்சு விடலாமா?

பதில்: அவசரப்பட்டு நுரையீரல் மீது பழி போடாதீர்கள். ஆரோக்கியமான ஒருவர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடும்போதுகூட, அவர் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பெரும்பாலும் குறைவதில்லை. இரைப்புக்கு முக்கியக் காரணம், வெளியேற்றப்பட வேண்டிய கரியமில வாயு.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம்; ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும்போது வயிறு மெல்ல எழும்பும். மூச்சை உள்ளே இழுக்கத்தான் தசை உழைக்கிறது. விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்குவதால் வெளியே விடத் தனி முயற்சி தேவையில்லை.

ஓடத் தொடங்கியதும் இந்த நிலை மாறிவிடும். ரத்தத்தில் எந்த மாற்றமும் தெரிவதற்கு முன்பே, கால்களை இயக்கும் மூளை மூச்சையும் முடுக்கிவிடுகிறது. ஆனால் இதயமும் தசைகளும் புதிய வேகத்துக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓடினால் அந்த இடைவெளியில் தசைகளில் அமிலம் சேர்கிறது. அதைச் சமன்செய்யும்போது கரியமில வாயு இன்னும் பெருகுகிறது. அதை வெளியேற்றச் சொல்லி, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான முகுளம் விரட்டுகிறது. உங்களைத் திணறடிக்கும் இரண்டாவது நிமிடம் இதுதான்.

அப்போது பலரும் தோளைத் தூக்கி, குட்டிக் குட்டி மூச்சாக இழுப்பார்கள். இங்கேதான் கணக்கு உதைக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று மூச்சுக்குழாய்களிலேயே தங்கிவிடும். ரத்தத்தோடு வாயுப் பரிமாற்றம் நடக்கும் நுரையீரல் நுண்ணறைகளை அது எட்டாது. அரை லிட்டர் வீதம் 12 மூச்சு என்றால் உள்ளே போவது 6 லிட்டர், பயன்படுவது 4.2 லிட்டர். கால் லிட்டர் வீதம் 24 மூச்சு விட்டாலும் அதே 6 லிட்டர்தான், ஆனால் பயன்படுவது வெறும் 2.4 லிட்டர்! ஆகவே மூச்சை நிதானமாக, முழுமையாக வெளியே விடுங்கள். அடுத்த மூச்சு தானாக ஆழமாக வரும். வாயால் விடுவதில் தவறே இல்லை. கடும் உழைப்பில் நிமிடத்துக்கு 100 லிட்டரைத் தாண்டும் காற்றுக்கு மூக்குத் துவாரங்கள் போதாது.

முதல் பத்து நிமிடம் நடங்கள். பிறகு, பேச முடிகிற வேகத்திலேயே ஓடுங்கள். சில வாரங்களில் இரைப்பு குறையும். நுரையீரல் பெரிதாகிவிடாது, இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்பும், தசைகள் ஆக்சிஜனை இன்னும் நன்றாகப் பயன்படுத்தும்.

ஆனால் நெஞ்சுவலி, மயக்கம், ஓடி முடித்த பிறகு விசில் போன்ற சத்தம் அல்லது விடாத இருமல், படுத்திருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.